வீட்டோடு ஒரு சன்ரூம்: எந்த வகை என்பதை நடுக்கதவு முடிவு செய்தது

எங்கள் வீட்டின் பின்புறம் கிழக்குப் பார்த்த திறந்த கான்கிரீட் தளம் ஒன்று சும்மா கிடந்தது. வீட்டுச் சுவரை ஒட்டி 13 அடி நீளம், வெளியே 10 அடி அகலம். சுமார் 12 சதுர மீட்டர். அதைக் கண்ணாடி வைத்து மூடி வீட்டோடு சேர்க்க வேண்டும் என்பது அம்மாவின் நெடுநாள் ஆசை. வேலை முடிந்து, வெயில், மழை, குளிர் எல்லாவற்றையும் அந்த அறைக்குள் உட்கார்ந்து பார்த்த பிறகு இதை எழுதுகிறேன். எப்படிக் கட்டினோம் என்பதைவிட எந்த வகையைக் கட்டுவது என்று எப்படி முடிவெடுத்தோம் என்பதுதான் அடுத்தவருக்குப் பயன்படும் என்பது என் எண்ணம். அதனால் அதையே விரிவாகச் சொல்கிறேன்.

விசாரிக்கப் போன இடங்களில் எல்லாம் "என்ன கண்ணாடி போடலாம்? கூரைக்கு என்ன?" என்றுதான் பேச்சே ஆரம்பித்தது. அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. வீட்டுக்கும் புது அறைக்கும் நடுவில் இப்போது இருக்கிற சுவரும் கதவும் அப்படியே இருக்கப் போகிறதா, அல்லது இடித்துவிட்டு இரண்டையும் ஒரே இடமாக்கப் போகிறோமா? இதற்குப் பதில் சொல்லிவிட்டால் கூரை, கண்ணாடி, அஸ்திவாரம், ஏசி, அனுமதி எல்லாமே அதன் பின்னால் தானாக வந்து நிற்கும். இதை விட்டுவிட்டுக் கண்ணாடியில் ஆரம்பித்தால், கடைசியில் வெயிலில் நுழைய முடியாத அறைக்கோ மாதாமாதம் மின்கட்டணம் ஏற்றும் அறைக்கோ காசு கொடுத்திருப்போம்.

பெயர்களும் வகைகளும்

வலை அறை, மூன்று பருவ அறை, நான்கு பருவ அறை, சோலாரியம், கன்சர்வேட்டரி என்று சந்தையில் பெயர்கள் நிறைய. ஒரே அமைப்பை இரண்டு பேர் இரண்டு பெயரில் விற்பதும் உண்டு. எனக்குத் தெளிவு கொடுத்தது அமெரிக்கத் தொழில்துறை அமைப்புகள் சேர்ந்து வகுத்த 'ஏஏஎம்ஏ/என்பிஇஏ/என்எஸ்ஏ 2100' என்ற வரையறை. நாம் எந்த நாட்டில் இருந்தாலும் யோசிக்க அது உதவும். அதில் ஐந்து வகைகள்.

முதல் வகையில் கூரை உண்டு, சுவருக்குப் பதில் பூச்சி வலை அல்லது மெல்லிய பிளாஸ்டிக் படலம். இரண்டாவதில் கண்ணாடியோ ஒளி புகும் பிளாஸ்டிக்கோ வைத்து மூடியிருக்கும். சூடாக்குவது, குளிரூட்டுவது எதுவும் கிடையாது. மூன்றாவதும் அதேதான், ஆனால் ஜன்னல்கள் காற்று, மழைநீர் கசிவுக்கான கூடுதல் சோதனையில் தேறியிருக்க வேண்டும். நான்காவது வகையில் ஏசியோ ஹீட்டரோ உண்டு, ஆனால் அதற்கெனத் தனிக் கட்டுப்பாடு இருக்க வேண்டும். வீட்டுக்கும் அறைக்கும் நடுவில் சுவரும் கதவும் வெப்பத்தைத் தடுத்து நிற்க வேண்டும். ஐந்தாவதில் அந்தத் தடுப்பே இல்லை. அறை வீட்டின் ஒரு பகுதியாகவே ஆகிவிடுகிறது. இந்த ஐந்தில் மனிதர் வசிக்கும் அறை என்று கணக்கில் வருவது ஐந்தாவது மட்டும்தான்.

கவனித்துப் பாருங்கள், நான்கையும் ஐந்தையும் பிரிப்பது நடுக்கதவு. இங்கிலாந்து விதியிலும் இதே சிந்தனை இருக்கிறது. அங்கே தரைமட்டத்தில் 30 சதுர மீட்டருக்கு உட்பட்ட கன்சர்வேட்டரிக்கு, அதாவது வீட்டோடு ஒட்டிய கண்ணாடி அறைக்கு, பொதுவாகக் கட்டட விதிகளிலிருந்து விலக்கு உண்டு. ஆனால் வெளிச்சுவருக்குரிய தரத்தில் கதவோ சுவரோ அதை வீட்டிலிருந்து பிரிக்க வேண்டும், வீட்டின் ஹீட்டிங் அதற்குள் நீளக் கூடாது. கதவைக் கழற்றினால் சலுகையும் போய்விடும். வெவ்வேறு நாட்டுக்காரர்கள் ஒரே இடத்தில் கோடு போட்டிருக்கிறார்கள் என்றால் அதற்குப் பின்னால் இயற்பியல் இருக்கிறது என்றுதான் பொருள். கண்ணாடி வழியாகப் போகிற வெப்பமும் வருகிற வெப்பமும் அவ்வளவு பெரிது. கதவு ஒன்றுதான் அதை வீட்டுக்குள் விடாமல் தாங்கி நிற்கிறது.

தரையில் சாக்பீஸ் கோடுகள்

வகையை முடிவு செய்யுமுன் அந்த இடத்தில் வெயில் எப்படி நடமாடுகிறது என்று பார்த்தோம். ஒரு விடுமுறை நாளில் காலையிலிருந்தே மணிக்கு ஒருதரம் போய், வீட்டு நிழல் தரையில் விழும் ஓரத்தைச் சாக்பீஸால் கோடு போட்டு, பக்கத்தில் நேரத்தையும் எழுதினேன். சாயங்காலம் பார்த்தபோது கோடுகள் முழுக் கதையையும் சொல்லின. காலையில் தளம் முழுக்க வெயில். உச்சியைத் தாண்டியதும் நிழல் சுவரிலிருந்து கிளம்பி வெளிப்பக்கமாக நகர்கிறது. பிற்பகல் பாதியிலேயே தளம் முழுக்க நிழலுக்குள் வந்துவிடுகிறது. வேறொரு பருவத்தில் இதையே திரும்பச் செய்து பார்த்தோம். கோடுகள் இடம் மாறின, வரிசை மாறவில்லை.

உங்கள் இடம் மேற்குப் பார்த்ததாக இருந்தால் விஷயம் வேறு. பிற்பகல் வெயில் தாழ்வாக, பக்கவாட்டில் நுழையும். அதற்குச் சன்ஷேடு எவ்வளவு நீட்டினாலும் பலனில்லை. வெளியே திரையோ செங்குத்துச் சட்டங்களோ மரமோதான் தடுக்கும். அதுவும் ஏற்கெனவே காற்றும் தரையும் சூடேறிய நேரத்தில் வருகிற வெயில். மேற்குப் பக்கம் கண்ணாடி அறை கட்ட நினைப்பவர்கள், வெளிப்பக்க நிழலுக்கு என்ன வழி என்று தெரிந்த பிறகு மற்றதை யோசியுங்கள் என்றே சொல்வேன். உள்ளே தொங்கும் திரை கண்ணைக் காக்கும். வெப்பம் அதற்குள் கண்ணாடியைத் தாண்டி வந்திருக்கும்.

பிறகு அந்த அறையில் யார், எப்போது இருப்போம் என்று உட்கார்ந்து பேசினோம். காலையில் அம்மா, மாலையில் எல்லோரும், மழை நாளில் நாள் முழுக்க. நடுப்பகலில் வீட்டிலேயே ஆள் குறைவு. இரவில் அங்கே படுக்கப் போவதில்லை. ஆக, வருஷம் முழுக்க ஒரே வெப்பநிலையில் வைத்திருக்க வேண்டிய அறை எங்களுக்குத் தேவையே இல்லை. கண்ணாடிக் கூரை படத்தில் அவ்வளவு அழகாக இருந்ததால் எனக்கு அதை விட மனசில்லை. அம்மாதான் ஒரே வார்த்தையில் தீர்த்து வைத்தார்: "கண்ணாடி வானம் வேணும்னு நான் எப்பப்பா கேட்டேன்? மழை பெய்யிறப்ப நனையாம உட்கார ஒரு இடம் கேட்டேன்."

நடுக்கதவு இருக்கட்டும், ஏசி வேண்டாம், மூன்றாவது வகை போதும் என்று அன்றைக்கே முடிவானது. ஆனால் பின்னாளில் யாராவது அதை நான்காவது வகையாக மாற்ற நினைத்தால் இடிக்காமல் மாற்ற முடிய வேண்டும் என்ற நிபந்தனையையும் சேர்த்துக்கொண்டோம்.

கூரைக் கணக்கு

சன்ரூம் என்றாலே சுவர்க் கண்ணாடியைப் பற்றித்தான் பேச்சு ஓடும். வெப்பக் கணக்கில் பெரிய ஆள் கூரை. வானம் தெளிவாக இருக்கும் நாளில், சூரியன் தலைக்கு மேல் இருக்கும்போது கிடைமட்டப் பரப்பில் சதுர மீட்டருக்குச் சுமார் 900 வாட் விழும் என்று வைத்துக்கொள்ளலாம். சாதாரண இரட்டைக் கண்ணாடி அதில் முக்கால் பங்கை உள்ளே விடும். சூரிய வெப்ப ஈட்டெண் என்று சொல்கிறார்களே, அது சுமார் 0.76. எங்கள் 12 சதுர மீட்டருக்குப் பெருக்கினால் 8,200 வாட். ஒரு டன் ஏசி வெளியேற்றும் வெப்பம் சுமார் 3,500 வாட். கூரை வழியே வருவதை மட்டும் சமாளிக்க இரண்டு டன்னுக்கு மேல் வேண்டும். பக்கக் கண்ணாடியின் பங்கு தனி.

வெயிலைத் தடுக்கும் நல்ல லோ-ஈ பூச்சுள்ள கண்ணாடி போட்டால் அந்த எண் 0.27 அளவுக்கு இறங்கும். அப்போதும் 2,900 வாட். அதே இடத்தில் 75 மில்லிமீட்டர் தடிமனுள்ள பியூஎஃப் சாண்ட்விச் பேனல் (இரண்டு தகடுகளுக்கு நடுவில் பாலியூரித்தேன் நுரை) போட்டால்? ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு ஒரு சதுர மீட்டர் வழியே எத்தனை வாட் கடக்கிறது என்பதுதான் யூ மதிப்பு. இந்தப் பேனலுக்கு அது சுமார் 0.3. வெயிலில் காயும் மேல்தகட்டுக்கும் உள்ளறைக்கும் 40 டிகிரி வித்தியாசம் என்று தாராளமாகவே எடுத்துக்கொண்டாலும் 150 வாட்டைத் தாண்டாது. 8,200 எங்கே, 150 எங்கே. இந்த இரண்டு எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்ததும் கண்ணாடிக் கூரை ஆசை என்னை விட்டுப் போனது.

குளிர் நாடுகளில் இருப்பவர்களுக்குக் கணக்கு கொஞ்சம் திரும்பும். அங்கே குளிர்காலத்தில் அந்த வெயில் வரம்தான். ஆனால் அதே கண்ணாடி இரவில் வெப்பத்தை விட்டுவிடும். ஒற்றைக் கண்ணாடியின் யூ மதிப்பு 5.7 அளவில் இருக்கும். சாதாரண இரட்டைக்கு 2.8, லோ-ஈ பூச்சும் ஆர்கான் வாயுவும் சேர்ந்த இரட்டைக்கு 1.1 முதல் 1.6 வரை. மிக நல்ல கண்ணாடிகூட அந்தப் பேனலைவிட மூன்று மடங்குக்கு மேல் வெப்பத்தை இழக்கிறது.

இன்னொன்று எடை. ஒரு சதுர மீட்டர் கண்ணாடி, ஒவ்வொரு மில்லிமீட்டர் தடிமனுக்கும் 2.5 கிலோ. தலைக்கு மேல் வைக்கும் இரட்டைக் கண்ணாடியில் உள்பக்கத்தாள் லேமினேட்டடாக இருப்பது அவசியம். சூடாக்கிச் சட்டெனக் குளிர்வித்து வலுவேற்றிய டஃபன்ட் கண்ணாடி உடைந்தால் பொடிப்பொடியாகக் கொட்டும், லேமினேட்டட் உடைந்தாலும் நடுவில் இருக்கும் படலத்தில் ஒட்டிக்கொண்டு தொங்கும். டஃபன்ட் கண்ணாடிக்குள் நிக்கல் சல்ஃபைடு துகள் இருந்தால், யாரும் தொடாமலே ஒருநாள் வெடிக்கும் என்பதும் கற்பனை பயமில்லை. வெளியே 6, உள்ளே 6 மில்லிமீட்டர் என்று வைத்தால் சதுர மீட்டருக்கு 30 கிலோ. மொத்தக் கூரைக்கு 360 கிலோ. ஃபிரேம், பனியோ காற்றோ தரும் சுமை எல்லாம் அதற்கு மேலே.

பாலிகார்பனேட்டையும் விடாமல் பார்த்தோம். உள்ளே அறை அறையாகக் குழல் உள்ள 16 மில்லிமீட்டர் தகடு சதுர மீட்டருக்கு 3 கிலோகூட வராது. வெப்பத் தடுப்பில் சாதாரண இரட்டைக் கண்ணாடிக்குக் குறைந்ததில்லை. குறைந்த செலவில் வெளிச்சமான கூரை வேண்டும் என்பவர்களுக்கு நல்ல தேர்வு. ஆனால் போடுகிறவர் விஷயம் தெரிந்தவராக இருக்க வேண்டும். புற ஊதாக் கதிர்ப் பூச்சுள்ள பக்கம் வானத்தைப் பார்க்க வேண்டும். மாற்றிப் போட்டால் தகடு மஞ்சளாகி நொறுங்கும். குழல்கள் கூரையின் வாட்டத்திலேயே ஓட வேண்டும். மேல் முனையை அலுமினிய டேப்பால் முழுக்க அடைத்து, கீழ் முனைக்கு ஈரம் வெளியேறும் டேப் ஒட்ட வேண்டும். இல்லாவிட்டால் குழலுக்குள் பாசி பிடிக்கும். வெப்பத்தில் விரிவதும் அதிகம்: 3 மீட்டர் தகடு 40 டிகிரி ஏற்றத்தில் சுமார் 8 மில்லிமீட்டர் நீளும். ஸ்க்ரூ ஓட்டையைப் பெரிதாகப் போடாவிட்டால் தகடு ஓட்டையிலிருந்தே கிழியும். எங்களை நிறுத்தியது சத்தம்தான். மழையில் உட்காருவதற்காகவே ஓர் அறை. அதில் மழை பெய்தால் ஒருவர் பேசுவது இன்னொருவர் காதில் விழாது என்றால் என்ன பயன்?

கடைசியில் பேனல் கூரை. வீட்டின் பின்னறை இருட்டாகிவிடக் கூடாது என்பதற்காகச் சுவரிலிருந்து ஒரு பேனல் தள்ளி, 60 சென்டிமீட்டர் அகலம், 2 மீட்டர் நீளத்தில் ஒரே ஒரு லேமினேட்டட் லோ-ஈ கண்ணாடிப் பட்டை வைத்தோம். உச்சிவெயிலில் அது உள்ளே விடுவது 300 வாட்டுக்குள். பின்னறையில் பகலில் விளக்குப் போடாமல் படிக்க அந்த வெளிச்சம் போதுமாக இருக்கிறது.

தளத்தின் ஓரத்தைத் தோண்டிப் பார்த்தது

ஏற்கெனவே தளம் இருக்கிறதே, அதன் மேலேயே ஃபிரேமை நிறுத்திவிடலாம் என்று சொன்னவர்கள் உண்டு. மேஸ்திரி அதைக் கேட்டுவிட்டு ஒன்றும் பேசாமல் கடப்பாரையை எடுத்துத் தளத்தின் ஓரத்து மண்ணைத் தோண்ட ஆரம்பித்தார். ஒரு சாண் ஆழம் போகுமுன்பே கான்கிரீட் முடிந்துவிட்டது. அடியில் கையை விட்டு மண்ணைப் பிடித்துக் காட்டினார்: வீடு கட்டிய காலத்தில் நிரப்பிய மண், செங்கல் துண்டும் காரைக் கட்டியும் கலந்தது, விரலால் அழுத்தினாலே உதிர்ந்தது. தளம் நான்கு அங்குலத் தடிமன். ஓரத்தில் அதற்கு மேல் கனமும் இல்லை, கம்பியும் இல்லை.

"சார், இது நடக்கப் போட்ட தளம். இதுமேல சுவரும் கண்ணாடியும் ஏத்துனீங்கன்னா நாலு மழைக்கு அப்புறம் ஓரம் இறங்கிடும். இறங்குச்சுன்னா முதல்ல கண்ணாடிதான் சொல்லும்."

வலை அறை மட்டும் என்றால், விரிசல் இல்லாத நல்ல தளத்தின் மேல் போல்ட் அடித்து நிறுத்துவதில் பெரிய பயமில்லை. கண்ணாடி வந்துவிட்டால் அப்படி முடியாது. கான்கிரீட் சில மில்லிமீட்டர் இறங்கினால் விரிசலோடு போகும். ஸ்லைடிங் ஜன்னல் அதே அளவுக்குச் சிக்கிக்கொள்ளும், பொருத்திய கண்ணாடி மூலையில் கீறும். குளிரில் மண் உறையும் ஊர்களில் அஸ்திவாரம் மண் உறையும் ஆழத்துக்குக் கீழே போக வேண்டும். இல்லையென்றால் மண் வீங்கி அறையையே மேலே தூக்கும். நாங்கள் தளத்தின் மூன்று ஓரத்தையும் அறுத்து எடுத்து, இறுகிய மண் வரை தோண்டி, கம்பி கட்டி பீம் போட்டோம். நான்காவது வகையாகப் பின்னால் மாற்றினால் கண்ணாடி இரட்டையாகும், எடை கூடும். அந்த எடைக்கே பீமைக் கணக்கிடச் சொல்லி ஸ்ட்ரக்சுரல் எஞ்சினியரிடம் வரைபடம் வாங்கினோம். இங்கே சிக்கனம் பார்க்காதீர்கள். கண்ணாடியை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம், அஸ்திவாரத்தை முடியாது.

பீமின் மேல் இரண்டடி உயரத்துக்குக் கைப்பிடிச் சுவர். தரை முதல் கூரை வரை கண்ணாடியே வைப்பதுதான் இப்போதைய மோஸ்தர்; எனக்குச் சுவர் பிடித்ததற்குக் காரணம் உண்டு. திறந்த தளம் எப்போதும் வெளிப்பக்கம் வாட்டமாகத்தான் இருக்கும்; நூற்றுக்கு இரண்டு என்றாலும் 3 மீட்டரில் 6 சென்டிமீட்டர் இறக்கம். ஜன்னல் ஃபிரேம் அந்த இறக்கத்தில் உட்கார முடியாது. சுவர் எழுப்பி, டியூப் லெவல் பிடித்து அதன் தலையை மட்டமாக்கிவிட்டால் ஃபிரேம்காரருக்கு வேலை சுலபம். மழைச் சாரல் தரையில் பட்டுத் தெறிப்பதும் கண்ணாடியில் படாது. சுவர் இருந்தாலும் தரையிலிருந்து 80 சென்டிமீட்டருக்குள் வரும் கண்ணாடி பொதுவாக டஃபன்ட், லேமினேட்டட் போன்ற பாதுகாப்புக் கண்ணாடியாக இருக்க வேண்டும் என்பது இங்கிலாந்தில் விதி. குழந்தையோ பெரியவரோ தடுக்கி விழுந்தால் படுவது அந்த உயரத்தில்தான் என்பதால் நாங்கள் எல்லாவற்றையுமே டஃபன்டாகப் போட்டோம். டஃபன்ட் செய்த பிறகு கண்ணாடியை வெட்டவோ ஓட்டை போடவோ முடியாது. அதனால் ஃபிரேம் நின்ற பிறகு அளவெடுத்தே ஆர்டர் கொடுங்கள்.

திறக்கிற அளவு

1909இல் அமெரிக்க இயற்பியலாளர் ராபர்ட் வுட் ஒரு சின்னச் சோதனை செய்தார். இரண்டு பெட்டிகள், ஒன்றுக்குக் கண்ணாடி மூடி, இன்னொன்றுக்குப் பாறை உப்புத் தகட்டால் மூடி. கண்ணாடி வெப்பக் கதிரை வெளியே விடாது, பாறை உப்பு விட்டுவிடும். இரண்டுக்கும் ஒரே மாதிரி வெயில் போகும்படி செய்து பார்த்தபோது உள்ளே வெப்பநிலையில் ஒரு டிகிரிகூட வித்தியாசம் தெரியவில்லை. கண்ணாடிப் பெட்டி அவ்வளவு சூடாவதற்குப் பெரும் காரணம், சூடான காற்று உள்ளேயே அடைபட்டுக் கிடப்பது. ஏசி இல்லாத சன்ரூமுக்கு இதைவிட முக்கியமான தகவல் எனக்குக் கிடைக்கவில்லை. விலையுயர்ந்த கண்ணாடியைத் தேடுவதற்கு முன், அடைபட்ட காற்றுக்கு வழி விட வேண்டும்.

ஸ்லைடிங் ஜன்னல் இடம் அடைக்காது, ஆனால் இரண்டு கதவுள்ளதில் பாதிதான் திறக்கும். வெளிப்பக்கம் திறக்கும் கீல் ஜன்னல் முழுக்கத் திறக்கும்; காற்றில் அடித்துக்கொள்ளாமல் இருக்க நல்ல ஃப்ரிக்‌ஷன் ஸ்டே வேண்டும், வலையும் உள்பக்கமாகத்தான் போட முடியும். நாங்கள் கிழக்கு முகப்பில் மூன்று தண்டவாள ஸ்லைடிங் போட்டு மூன்றில் இரண்டு பங்கு திறக்கும்படி செய்தோம். பக்கச் சுவர்களில்தான் உண்மையான வேலை நடந்தது. கூரை வீட்டுப் பக்கம் உயர்ந்து வெளிப்பக்கம் தாழ்கிறது. 3 மீட்டருக்கு 26 சென்டிமீட்டர் வாட்டம், சுமார் 5 டிகிரி. சூடான காற்று போய்ச் சேருவது வீட்டுச் சுவரை ஒட்டிய உயர்ந்த மூலையில். வழக்கமாக அந்த இடத்தில் திறக்காத கண்ணாடியைப் பொருத்தி முடித்துவிடுவார்கள். நாங்கள் இரண்டு பக்கமும் அந்த உயரத்தில் மேல்கீல் வைத்த சின்ன ஜன்னல் கேட்டோம். முகப்பில் கீழேயிருந்து காற்று வரும், மேல் மூலைகளில் வெளியேறும். வெயில் நேரத்தில் அந்த ஜன்னல் பக்கம் கையை நீட்டினால் சூடான காற்று வெளியே ஓடுவது விரலில் தெரியும்.

வலைக்கு அங்குலத்துக்கு 18க்கு 16 கண்ணி உள்ள சாதாரண வலையே போதும் என்றிருந்தோம். அதைவிட நெருக்கமான வலை பொடிப்பூச்சியையும் தடுக்கும், ஆனால் காற்றையும் சேர்த்துக் குறைக்கும்.

கண்ணாடி, 6 மில்லிமீட்டர் ஒற்றை டஃபன்ட். ஏசி இல்லாத, நடுக்கதவு உள்ள அறைக்கு இரட்டைக் கண்ணாடியில் போடும் காசு வீண் என்பது என் கருத்து. ஆனால் ஃபிரேமை மட்டும் 24 மில்லிமீட்டர் இரட்டைக் கண்ணாடி நுழையும் ஆழத்துக்கு, நடுவில் பாலிஅமைடு பட்டை உள்ள அலுமினியமாக வாங்கினோம். ரோலரும் அந்த எடையைத் தாங்கும் வகை. அலுமினியம் வெப்பத்தை அவ்வளவு வேகமாகக் கடத்தும் என்பதால் அந்தப் பட்டை இல்லாத ஃபிரேமில் பின்னால் நல்ல கண்ணாடி போட்டும் பிரயோசனம் குறைவு. யூபிவிசி வெப்பத் தடுப்பில் அலுமினியத்தைவிட நல்லது. அகலமான திறப்புகளுக்குச் சட்டம் தடித்துவிடுகிறது. மரம் அழகு, ஆனால் வெயிலும் மழையும் மாறி மாறி அடிக்கும் இடத்தில் அதைப் பராமரிக்க ஆள் வேண்டும்.

வீட்டுச் சுவரோடு சேரும் இடம்

சன்ரூமில் ஒழுகல் என்று யார் சொன்னாலும் முதலில் பார்க்க வேண்டியது கூரை வீட்டுச் சுவரைத் தொடும் கோடு. அங்கே சிலிக்கான் மட்டும் இழுத்துவிட்டுப் போகிற வேலையை ஒத்துக்கொள்ளாதீர்கள். பழைய வீடும் புது அறையும் வெவ்வேறு அஸ்திவாரத்தில் நிற்கின்றன. வெயிலில் விரிவதும் இறங்குவதும் வெவ்வேறு அளவு. அந்த அசைவில் சிலிக்கான் ஒரு பக்கம் விட்டுவிடும். தண்ணீருக்கு அந்த இடைவெளி போதும்.

கூரை மட்டத்திலிருந்து 15 சென்டிமீட்டர் மேலே, சுவரில் ரசமட்டம் வைத்துக் கோடு போட்டு, கட்டிங் மெஷினால் 25 மில்லிமீட்டர் ஆழத்துக்குக் காடி வெட்டினோம். பூச்சைத் தாண்டிச் செங்கல் வரை போக வேண்டும். பூச்சோடு நிறுத்தினால் தண்ணீர் பூச்சுக்குப் பின்னால் இறங்கித் தகட்டுக்கு அடியில் வெளிவரும். செங்கல் சிவப்புத் தூள் வரும் வரை பிளேடை இறக்கச் சொல்லி நானே பக்கத்தில் நின்றேன். காடியை ஊதிச் சுத்தம் செய்து, கீழ்த்தகட்டைக் கூரையோடு பொருத்தி, மேல்தகட்டைக் காடிக்குள் செருகி அதன் மேல் கவிழ்த்துவிட்டோம். இரண்டு தகடும் ஒன்றோடொன்று ஸ்க்ரூ போட்டு இணைக்கப்படவில்லை. மேல்தகடு வீட்டோடு, கீழ்த்தகடு அறையோடு. எது அசைந்தாலும் ஒன்றன் மேல் ஒன்று வழுக்கும், தண்ணீர் வெளியே போகும். அலுமினியத் தகடு என்பதால் காடியைச் சிமெண்டால் அடைக்காமல் சீலண்டால் அடைத்தோம். ஈரச் சிமெண்டின் காரம் அலுமினியத்தை அரித்துவிடும்.

பக்கவாட்டில் ஃபிரேம் சுவரைத் தொடும் இடத்திலும் இதே சிந்தனைதான்: 10 மில்லிமீட்டர் இடைவெளி விட்டு, நுரைக் கயிறு திணித்து, அதன் மேல் சீலண்ட். ஜன்னலின் அடிச்சட்டத்தில் தண்ணீர் வடியும் சின்னத் துளைகள் இருக்கும். பெயின்ட்காரரோ சிலிக்கான்காரரோ அழகுக்காக அதை அடைத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒப்படைக்கும் முன் ஹோஸ் பைப்பை மேலிருந்து கீழே அல்லாமல், கீழிருந்து தொடங்கி ஒவ்வொரு மூட்டாக மேலே போய் அடித்துப் பார்த்தோம். அப்படிச் செய்தால்தான் எந்த மட்டத்தில் கசிகிறது என்று பிரித்துச் சொல்ல முடியும்.

வெளிச்சுவராக இருந்த சுவர் இனி உட்சுவராக மாறுகிறது என்பதால் இன்னொரு சோதனையும் கட்டாயம். அந்தச் சுவரில் கேஸ் ஹீட்டரின் புகைக்குழாய், சமையலறை எக்ஸாஸ்ட், குளியலறைக் காற்றுத் துளை எதாவது திறக்கிறதா? எங்கள் வீட்டில் சமையலறை எக்ஸாஸ்ட் அந்தப் பக்கம் இருந்தது. குழாய் போட்டு வேறு சுவருக்குத் திருப்பினோம். எரியும் கருவியின் புகைக்குழாய் மூடிய அறைக்குள் திறந்தால் கார்பன் மோனாக்சைடு உயிரையே எடுக்கும். அதை மாற்றாமல் ஒரு செங்கல்கூட வைக்கக் கூடாது. அதேபோல் படுக்கையறை ஜன்னல் இந்த அறைக்குள் திறந்தால், தீ விபத்து நேரத்தில் வெளியேறும் வழி அடைபடுகிறதா என்று உங்கள் ஊர் விதியில் பாருங்கள்.

பழகிய பிறகு

காலை வெயிலில் அறை நன்றாகச் சூடேறும். குளிர் நாட்களில் நடுக்கதவைத் திறந்துவிட்டால் அந்த வெதுவெதுப்பு வீட்டுக்குள் வரும். வெயில் போனதும் மூடிவிடுகிறோம். கடும் வெயில் நாளில் எல்லாவற்றையும் மூடி வைத்தால் நடுப்பகலில் உள்ளே நிற்க முடியாது. மேல் ஜன்னலும் முகப்பும் திறந்திருந்தால் வெளியே நிழலில் உட்காருவதற்கு ஒப்பாக இருக்கிறது, அதைவிடக் குளிராக இருக்காது. ஏசி இல்லாத கண்ணாடி அறை வெயில் நேரத்தில் அதைவிடக் குளிராக இருக்கும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

குளிர்ந்த இரவில் நடுக்கதவைத் திறந்தே விட்டால் காலையில் கண்ணாடி வியர்த்திருக்கும். வீட்டுக்குள் சமையல், குளியல், மூச்சு எல்லாவற்றின் ஈரமும் போய்க் குளிர்ந்த ஒற்றைக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு, அடிச்சட்டத்தில் முத்து முத்தாக நின்று, ரப்பர் பீடிங் ஓரமாக வழியும். இரவில் கதவை மூடிய நாட்களில் கண்ணாடி உலர்ந்தே இருக்கிறது. அதனால் பழைய மரக்கதவுக்கு நான்கு பக்கமும் புது ரப்பர் பீடிங்கும் அடியில் வாசல்தட்டும் போட்டு, அதை வெளிக்கதவாகவே நடத்துகிறோம், பூட்டும் மாற்றவில்லை.

நான்காவது வகையாக மாற்ற நினைப்பவருக்காகச் சில வேலைகளை இப்போதே செய்து வைத்திருக்கிறோம். ஏசிக்கான தனி மின்கம்பி போகும் குழாய் பூச்சுக்குள் இருக்கிறது; தண்ணீர் வடியும் குழாய்க்குக் கைப்பிடிச் சுவரில் வாட்டத்தோடு துளை விட்டு மூடி போட்டிருக்கிறோம். தரை டைலுக்கு அடியில் ஓதம் ஏறாமல் பாலித்தீன் விரிப்பும் அதன் மேல் வெப்பத் தடுப்புப் பலகையும் போட்டாயிற்று. மீதி வேலை, கண்ணாடியை இரட்டையாக்கி ஏசியை மாட்டுவது மட்டும்தான். குழாய்கள் எந்த உயரத்தில், மூலையிலிருந்து எத்தனை சென்டிமீட்டரில் போகின்றன என்று அளவு குறித்த படங்களைப் பூச்சு வேலைக்கு முன்பே எடுத்து, எஞ்சினியரின் வரைபடத்தோடு ஒரே கோப்பில் வைத்திருக்கிறேன்.